அமரர் சங்கரலிங்கத்தின் விமானம்

செத்துப்போனவர் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று, "அண்ணாச்சி, சௌக்கியமா இருக்கியளா?" என்று கேட்டார்.

காலை பதினொரு மணி இருக்கும். திருவனந்தபுரம் தம்பானூரில் தென்காசி பஸ் வந்து நின்றால் எங்கள் லாட்ஜுக்கு நாலு பேராவது ஏறி வருவார்கள். அன்றைக்கு வந்தவர் இவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கையில் ஆஸ்பத்திரி ஃபைல். முன்னைக்கு இப்போது பாதியாக இளைத்திருந்தார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்த இடத்தில், நெஞ்சுக் குழிக்கு மேலே, தையல் தழும்பு எட்டிப் பார்த்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருஷத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் நாற்காலியை விட்டு எழுந்தவனில்லை.

"என்ன அண்ணாச்சி, அடையாளம் தெரியலையா? செங்கோட்டை சங்கரலிங்கம். ரெண்டாம் மாடி, இருநூத்தி ஏழு. ஒரு பெட்டிய விட்டுட்டுப் போயிட்டோம். நீளமா இருக்கும், மேல பிளேன் படம் போட்டிருக்கும். இருக்கா?"

இருந்தது. பெட்டியாக இல்லை, அவ்வளவுதான்.

கேட்காதே

போன வாரம் இந்தப் பத்தியில் வெந்நீர்ச் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "லாட்ஜ் மேனேஜருக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்காகவே இதைச் சொல்கிறேன். இந்த வாய்க்கு ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டுப் போட்டிருந்தேன்.

எங்களிடம் தங்குகிறவர்களில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வருகிறவர்கள். தென்காசி, கடையநல்லூர், வள்ளியூர், நாகர்கோவில் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். வரும்போது குடும்பமாக வருவார்கள். சில சமயம் ரூமைக் காலி செய்ய ஓர் ஆண்பிள்ளை மட்டும் வருவார். அவர் சாவியை வாங்குவார், சாமான்களைக் கட்டுவார், சாவியைத் திருப்பிக் கொடுப்பார், போய்விடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி வந்த ஒருவரிடம், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனிதர் கவுண்டர் பலகையில் தலையை வைத்து ஒரு பாட்டம் அழுதார். வரவேற்பறையில் இருந்தவர்களெல்லாம் என்னைத்தான் முறைத்தார்கள். அன்றைக்கு வைத்துக்கொண்ட சட்டம் இது: தனியாகக் காலி செய்ய வருகிறவரிடம் எதுவும் கேட்கக் கூடாது. பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தேன். எங்கள் லாட்ஜில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது.

அதோடு எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. கேட்க வேண்டியதே இல்லை, முகத்தைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன் என்ற கர்வம்.

இருநூற்று ஏழு

சங்கரலிங்கம் செங்கோட்டையில் மர அறுவை மில்லில் வேலை பார்ப்பவர். நெஞ்சு வலிக்கு டெஸ்ட் எடுக்க மனைவியோடு வந்து மூன்று நாள் தங்கினார். அந்த அம்மாள் காலையும் மாலையும் பிளாஸ்க்கோடு கீழே வந்து வெந்நீர் வாங்கிப் போவார். அதிகம் பேசமாட்டார். "வெந்நி கொஞ்சம் கூட ஊத்துங்க" என்பார், சிரிப்பார், போவார்.

ஒருநாள் மின்விசிறி சத்தம் போடுகிறதென்று மேலே போனேன். சங்கரலிங்கம் கட்டிலில் நீளமான பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே வெளிர்நிறத்தில் மரத்தகடுகள். துபாயிலிருந்து அக்கா மகன் கொண்டுவந்து கொடுத்ததாம். ரிமோட்டில் பறக்கும் விமானம், நாமே துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக் கட்ட வேண்டும்.

"இதப் புடிங்க அண்ணாச்சி" என்று ஒரு தகட்டை என் கையில் வைத்தார். கையில் வைத்த மாதிரியே இல்லை. அப்பளம்கூட இதைவிடக் கனக்கும்.

"பால்சா மரமாம். முப்பது வருசமா தேக்கும் வேங்கையும் அறுத்தவன் நான். மரம்னு சொல்லி ஒருத்தன் இப்படி ஒண்ணைக் கையில குடுத்தா கூச்சமா இருக்கு." ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கும்போது இதைக் கட்டப் போவதாகச் சொன்னார். அவர் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் சங்கரலிங்கம் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று பேராக என் நாற்காலியிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினோம். அந்த அம்மாளும் கூடவே ஏறினார், கையில் பிளாஸ்க்கோடு.

அதிலிருந்து நாலாம் நாள், அந்த அம்மாளின் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மட்டும் வந்து சாவி கேட்டார். கண் இரண்டும் கோவைப்பழம். சாமான்களைக் கட்டும்போது கை நடுங்கியதாம், ரூம் பெருக்குகிறவர் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் போன பிறகுதான் கட்டிலுக்கடியில் பெட்டி இருந்தது தெரிந்தது. சங்கரலிங்கத்தின் கதை முடிந்தது என்று எனக்குள் நானே முடிவு கட்டினேன். ரிஜிஸ்டரில் போன் நம்பர் இருந்தது. துக்க வீட்டுக்குப் போன் போட்டு, "பெட்டியை விட்டுட்டீங்க" என்றா சொல்வது?

குண்டூசியும் நோட்டீஸ் போர்டும்

விட்டுப்போன சாமான்கள் எங்கள் லாட்ஜில் ஒரு வருஷம் அலமாரியில் இருக்கும். அதற்குள் யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் சாமானை மட்டும் ஒருவரும் தொடமாட்டார்கள். வருஷம் திரும்பியும் பெட்டி அங்கேயே கிடந்தது. ஒரு மழைநாளில், லாட்ஜில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சும்மா பார்ப்போமே என்று திறந்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

வரைபடத் தாளை விரித்தால் கவுண்டரைத் தாண்டித் தொங்கியது. அதை வைத்துக் குண்டூசி குத்த மெத்தென்ற பலகை வேண்டும். 'ரூம் காலி செய்யும் நேரம் காலை 10 மணி' என்றிருந்த நோட்டீஸ் போர்டைக் கழற்றினேன். விலா எலும்பு போன்ற சின்னச் சின்னத் துண்டுகளைப் படத்தின் மேலேயே நிறுத்தி, ஊசி குத்தி, தச்சுப்பசை வைத்து, காயும்வரை காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்றுதான் என் மனைவி வள்ளியூரிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் இதற்குக் காத்திருந்தேன்.

"எந்தா அண்ணாச்சி இது, லாட்ஜோ ஏர்போர்ட்டோ?" என்று முதலாளி கேட்டார். இரண்டாவது வாரத்திலிருந்து அவரே வந்து எட்டிப் பார்த்து, "வால் ஆயோ?" என்று, வால் முடிந்ததா என விசாரிக்க ஆரம்பித்தார்.

வாலும் உடம்பும் வலது இறக்கையும் முடிந்தன. இடது இறக்கையில்தான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

வரைபடத்தில் இருந்தது வலது இறக்கை மட்டும். இடதுக்கு என்ன செய்வது? தாளில் எண்ணெய் தடவினால் கண்ணாடி போலாகி, கோடுகள் பின்பக்கம் தெரியும், அதைத் திருப்பிப் போட்டு அதன் மேல் கட்டு என்று குறிப்பில் இருந்தது. என்ன எண்ணெய் என்று இல்லை. திருவனந்தபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அதை வேறு கேட்பார்களா? சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய் வாங்கிவந்து, குழந்தைக்குத் தேய்ப்பது போல வஞ்சனையில்லாமல் தேய்த்தேன். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரியில் இருந்ததை நான் படிக்கவேயில்லை.

இசக்கியம்மாளின் இஸ்திரி

கட்டி முடித்த எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய சிவப்புத் தாள் ஒன்றைப் போர்த்தி இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டதும் அது சுருங்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் லாட்ஜில் இருபது வருஷமாகத் துணி தேய்ப்பவள் இசக்கியம்மாள், சங்கரன்கோவில்காரி. சூடு எவ்வளவு என்பதை இஸ்திரிப் பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோயே சொல்லிவிடுவாள். வலது இறக்கை முரசு போல விறைத்து நின்றது. இடதில் அங்கங்கே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது.

"அண்ணாச்சி, இது பிடிக்காது கேட்டியளா. எண்ணெ கசியுது. தலகாணி உறையில தலையெண்ணெ ஊறின எடம் இப்படித்தான், எத்தன வாட்டி தேச்சாலும் அடங்காது. உள்ள பசை பிடிச்சிருக்கான்னு பாருங்க."

"நீ துணியைப் பாரு, நான் விமானத்தைப் பாக்கேன்" என்றேன். இப்படித்தான் பேசுவேன் நான்.

"நல்லாப் பாத்தீரு. செத்தவுக சாமான். பேரு போடாமப் பறக்கவிட்டா ஆகாது. கோயில்ல ஒரு டியூப்லைட் குடுத்தாக்கூட பேரு எழுதித்தான் குடுக்கோம்" என்றாள்.

அது எனக்குச் சரியாகப் பட்டது. அந்தக் கொப்புளங்களையும் மறைக்க வேண்டியிருந்தது. அதே வகை மஞ்சள் தாளில் நான் எழுதிக் கொடுத்ததை அவள் கத்தரித்தாள். இடது இறக்கையில், கொப்புளம் ஒவ்வொன்றின் மேலும் ஒவ்வோர் எழுத்தாக வைத்துத் தேய்த்தாள்: அமரர் சங்கரலிங்கம் நினைவாக.

ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பகுதியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் மோட்டாரையும் ரிமோட்டையும் பொருத்திக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிடுவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அமரர் நேரில் வந்து நின்றார்.

எந்த முனையிலிருந்து

"என்ன அண்ணாச்சி, பேயறஞ்ச மாதிரி பாக்கியளே? பெட்டி இல்லையா?"

"இருக்கு சார், உக்காருங்க, டீ சொல்லுதேன்" என்றேன்.

"சர்க்கரை வேண்டாம். செக்கப்புக்கு வந்தேன். இதுவரைக்கும் நல்லா இருக்காம். ஆனா பெரிய அதிர்ச்சி எதுவும் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

நான் மாடியில் விமானம் இருந்த துணி அறைக்கு ஓடினேன். "இசக்கி, அவரு வந்திருக்காரு!"

"யாரு?"

இறக்கையைக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "எல்லாத்தையும் உரி! சூடு காட்டினா உரிஞ்சிரும்லா?" என்று சொல்லிவிட்டுக் கீழே வந்தால், மனிதர் பெட்டியைத் தானே எடுத்துக்கொள்ளப் பாதிப் படி ஏறிவிட்டார். டாக்டர் படி ஏறலாம் என்று சொல்லியிருக்கிறாராம். நான் ஏதேதோ பேசி மறித்தேன். அவர் ஒவ்வொரு படியாக நிதானமாக ஏறிக்கொண்டேதான் இருந்தார்.

இசக்கியம்மாள் சொன்னபடி உரித்துத்தான் இருந்தாள். ஆனால் கடைசியிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். 'நினைவாக' போய்விட்டது. 'அமரர் சங்கரலிங்கம்' மட்டும் பளிச்சென்று நின்றது.

அவர் படித்தார். பக்கத்திலிருந்த துணிமூட்டையில் உட்கார்ந்தார். நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, என் நெஞ்சில்தான் அப்போது சுருக்கென்றது.

தோள் குலுங்கியது. சிரிக்கிறார்!

"பதினாறு விசேஷம்லாம் முடிஞ்சுதா அண்ணாச்சி? சாப்பாடு நல்லாப் போட்டியளா?"

இசக்கியம்மாள் அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்தாள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மச்சினர் மட்டும் தனியாக வந்தது, கண் சிவந்திருந்தது, கை நடுங்கியது, நான் ஒன்றும் கேட்காமல் இருந்தது.

அவர் சிரிப்பு நின்றது.

"அவன் எனக்காக அழல அண்ணாச்சி. அவன் அக்காவுக்காக அழுதிருக்கான்."

யாருடைய அக்கா என்று எனக்கு உடனே ஓடவில்லை. ஓடியபோது, பிடித்திருந்த அவர் கையை விட்டுவிட்டேன்.

"என்னைய உள்ள வெச்சிருந்தாங்க. அவ வெளிய பெஞ்சில இருந்திருக்கா. இங்க ஆஸ்பத்திரில கூட இருக்கவங்கள பைஸ்டாண்டர்னுதான சொல்லுவாவ. பதினாலாம் பெட் பைஸ்டாண்டர் வரணும்னு மைக்ல கூப்பிட்டிருக்காங்க. எந்திரிக்கல. அசந்து தூங்குதான்னு பக்கத்துல இருந்தவுக நெனச்சிருக்காங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. ஒருநாள் தலைவலின்னு சொன்னவ இல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு பதினோரு நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க. காரியம்லாம் முடிஞ்சப்புறம். அதுவரைக்கும் தெனமும், அவ எங்க, வரலையான்னு கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஏதோ துணி கருகும் வாசனை வந்தது. இசக்கியம்மாள் அதைக் கவனிக்கவேயில்லை. நான்தான் போய்ப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

"நான் ஒரு போன் போட்டிருக்கணும் சார்" என்றேன்.

"போட்டிருக்கலாம். நீங்க எழுதி வெச்சது அவ நம்பர். அந்தப் போனை நான்தான் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன், யாராவது கூப்பிடுவாங்கன்னு. ஒருத்தரும் கூப்பிடல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

இடது இறக்கை

பிறகு அவர் விமானத்தைக் கையில் எடுத்தார். வலது இறக்கையை விரலால் சுண்டிப் பார்த்தார். தலையசைத்தார். இடதை மூக்கருகில் கொண்டுபோனார்.

"தேங்காயெண்ணெ."

"ஆமா."

"எண்ணெ குடிச்ச மரத்துல பசை நிக்காது அண்ணாச்சி. மேல போனதும் மடங்கிரும்." சொல்லிக்கொண்டே இடது இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து மடக் என்று ஒடித்துவிட்டார். நான் "ஐயோ!" என்று கத்தியேவிட்டேன். ஐந்து மாச வேலை! உடைந்த இடத்தை எனக்குக் காட்டினார். பசை மரத்தோடு சேராமல், உலர்ந்த தோல் போலத் தனியாக உரிந்து வந்தது.

"அஞ்சு நாள் இருக்கேன். இதப் புதுசாக் கட்டிருவோம். அந்த ரூம் காலியா இருக்கா?"

பறந்ததா என்று கேட்பீர்கள். அவர் என் எண்ணெய்த் தாளின் மேல் கட்டவில்லை. அதை ஜன்னல் கண்ணாடியில் திருப்பி வைத்து, மேலே ஒரு புதுத் தாளைப் பிடித்துக் கோடுகளைப் பென்சிலால் எடுத்துக்கொண்டார். மில்லில் அறுத்த கை, பிளேடால் மிச்சமிருந்த தகடுகளை நூல் பிடித்தாற்போல வெட்டியது. மேலே என்ன எழுத்து வெட்டுவது என்று இசக்கியம்மாள் கேட்டதற்கு, "ஒண்ணும் வேண்டாம்மா, எழுத்துக்கும் கனம் உண்டு" என்றார். நெடுமங்காட்டைத் தாண்டி, கல்லாறு போகும் சாலையோரத்து மைதானத்தில் பறந்தது. கடைசியில் ஒரு ரப்பர் மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சேதமில்லை. இப்போது செங்கோட்டையில் இருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது பறந்ததைப் பற்றி அல்ல. அந்த வெள்ளிக்கிழமை, துணி அறையிலிருந்து கீழே இறங்கி வந்து, ரூம் போட ரிஜிஸ்டரைத் திறந்த நேரத்தைப் பற்றி.

அவர் பெயரை எழுதினேன், ஊரை எழுதினேன். பிறகு எனக்கே தெரியாமல் கை பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்துதான்: 'சங்கரலிங்கம், செங்கோட்டை. ஆட்கள் 2.' அந்த இரண்டில் ஒன்றுதான் மூன்று நாள் என் முன்னால் வந்து நின்று வெந்நீர் வாங்கிப் போனது. ஆஸ்பத்திரியில் பைஸ்டாண்டர், என்னிடத்தில் ஆட்கள் 2. இருக்கிறவர் பெயரை இறக்கையில் எழுதி அமரர் ஆக்கியவன் நான். போனவர் பெயர் எனக்குத் தெரியாது.

கேட்க வாய் வரவில்லை. முப்பது வருஷத்துப் பூட்டு. அவர் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"சார், அம்மா பேரு என்ன?"

மேலே அத்தனையும் சொன்னபோது அழாதவர், நீட்டிய கையால் கவுண்டர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கமாட்டியளோன்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். "வடிவு."